வில்லன் மூணு, படம் எங்கே?

கேள்வி: லீவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய ஸ்பைடர்மேன் படங்கள் மூன்றையும் தமிழில் பார்த்தோம். இரண்டாம் பாகத்தில் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் பாகம் எனக்குச் சப்பென்று இருந்தது. “மூணு வில்லன் வர்றாங்க, இதாம்பா சூப்பர்” என்கிறான் பையன். கிராபிக்ஸ் பழசாகிவிட்டதால் அப்படித் தெரிகிறதா? இல்லை, சூப்பர் ஹீரோ படத்தில் போய்க் கதை தேடுவது என் தப்பா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தப்பே இல்லை. இரண்டாம் பாகத்தில் கண் கலங்கினீர்களே, அது கதைக்காகத்தான். ஆனால் கிராபிக்ஸ் மேல் பழி போடாதீர்கள். 2007-ல் வந்த அந்த மூன்றாம் பாகத்தில் இன்றும் கெடாமல் நிற்பதே அதுதான்.

உடம்பே மணலாகிப்போன வில்லன் சாண்ட்மேன் எழுந்து வரும் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். வசனம் கிடையாது. குவிந்து கிடக்கும் மணலில் ஒரு சில பொடிகள் அசைகின்றன, உருள்கின்றன, மெல்ல ஓர் ஆளின் உருவம் திரள்கிறது. மகளின் படம் வைத்த லாக்கெட்டை எடுக்கக் கை நீட்டுகிறான். தொட்டதும் கை உதிர்ந்துபோகிறது. மறுபடி முயல்கிறான். இதற்காக 12 வகை மணலை வீசியும் கொட்டியும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆள் புதையக்கூடிய காட்சிகளில் ஆபத்து வேண்டாமென்று அரைத்த சோளக்கட்டையைப் பயன்படுத்தினார்கள். வியாதிக்கார மகளுக்காகத் திருடும் ஒரு தகப்பனை இரண்டு மூன்று நிமிடத்தில் நம் நெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறது அந்தக் காட்சி.

அப்புறம் அவனை என்ன செய்தார்கள்? பாதிப் படத்தில் சுரங்கத் தண்ணீரில் கரைத்துவிட்டு, கிளைமாக்ஸ் சண்டைக்கு ஆள் தேவைப்படும்போது திரும்பக் கூப்பிடுகிறார்கள். நடுவில் இரண்டாவது வில்லன் ஹாரிக்கு, அதாவது ஸ்பைடர்மேனான பீட்டரின் நண்பனுக்கு, மறதி வந்து, மறதி போய், அப்பா சாவுக்குப் பழிவாங்கல். மூன்றாவது வில்லன் வெனம் உருவாகும்போது படம் ஏறக்குறைய முக்கால்வாசி முடிந்துவிட்டது. 139 நிமிடத்தை மூன்று பேருக்குப் பங்கு போட்டால் இப்படித்தான் ஆகும். நம் கடலூர், விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி, கோமாளியான கட்டியங்காரன் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, சபைக்குத் தன்னைத் தெரியவைத்த பிறகுதான் கதைக்குள் வருவான். அந்த அவகாசம் வெனத்துக்குக் கிடைக்கவே இல்லை. வெனத்தைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தியவர் தயாரிப்பாளர் ஆவி அராட். இயக்குநர் சாம் ரெய்மிக்கு அந்தப் பாத்திரத்தில் பிடிப்பு இல்லை. இரண்டுமே பிற்பாடு வெளிப்படையாகப் பேசப்பட்டவை.

அடுத்தது தற்செயல். தற்செயலாக ஹீரோ வம்பில் மாட்டலாம், ஒரு தடவை. இதில், பிறகு கறுப்பு உடையாக ஒட்டிக்கொள்ளும் உயிரோடு விண்கல் வந்து விழுவது பீட்டர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அவன் கறுப்பு உடையைப் பிய்த்தெறியும் மணிக்கூண்டுக்கு நேர் கீழே, அதே நேரத்தில், ‘பீட்டர் சாக வேண்டும்’ என்று பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறான், அந்த உடை ஒட்டி வெனமாகப்போகும் எடி. ஹாரி மனம் மாறுவதோ வீட்டு வேலைக்காரர் சொல்லும் ஒரு தகவலால்: அவன் அப்பாவைக் கொன்றது பீட்டர் இல்லை, அவருடைய சொந்தப் பறக்கும் பலகையான கிளைடர்தான். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை நடந்தே இருக்காது. பார்ப்பவர் இதையெல்லாம் வரிசையாக யோசிப்பதில்லை. ஆனால் சலிப்பு தட்டிவிடும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. முதல் பாகத்தில், தான் தப்பவிட்ட திருடன்தான் மாமாவைக் கொன்றான் என்ற குற்ற உணர்வில்தான் பீட்டர் ஸ்பைடர்மேன் ஆகிறான். இரண்டாம் பாகத்தில் சாப்பாட்டு மேஜையில் அதை அத்தையிடம் ஒப்புக்கொள்கிறான். அத்தை திட்டவில்லை, அழவில்லை. பிடித்திருந்த கையை விலக்கிக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். நீங்கள் கண் கலங்கியது அங்கேயாகக்கூட இருக்கலாம். மூன்றாம் பாகம் வந்து, ‘சுட்டவன் அவன் இல்லை, சாண்ட்மேன்’ என்கிறது. மேஜையில் நடந்ததன் கனத்தையே அது குறைத்துவிடுகிறது. புதுப் பாகம் பழைய பாகத்தின் அஸ்திவாரத்தில் கை வைக்கக் கூடாது.

பையனிடம் வாதாடாதீர்கள். இரண்டாம், மூன்றாம் பாகங்களை மறுபடி போட்டு, ஒரு தாளில் மூன்று விஷயங்களை மட்டும் அவனையே குறிக்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு வில்லனுக்கும் என்ன வேண்டும் என்பது எத்தனையாவது நிமிடத்தில் புரிந்தது, சண்டை இல்லாமல் அவனை எத்தனை நிமிடம் காட்டினார்கள், ஹீரோ எதை இழந்தான். 127 நிமிட இரண்டாம் பாகத்தில் வில்லன் ஒரே ஆள். அவர் வீட்டில் பீட்டர் உட்கார்ந்து, மனைவியோடு அவர் சிரித்துப் பேசுவதைப் பார்த்த பிறகுதான் அவரை வில்லனாக்கும் விபத்தே நடக்கிறது. பீட்டர் வேலையை இழக்கிறான், சக்தியை இழக்கிறான். தாளில் இதெல்லாம் தானாக வந்து விழும்.

கடைசியாக, சாண்ட்மேனின் மகள் பிழைத்தாளா என்று பையனைக் கேளுங்கள். தியேட்டருக்கு வந்த படத்தில் அதற்குப் பதில் இல்லை.