மாடி கட்டக் காணியை ஈடு வைக்கலாமா?

தம்பி, மச்சான் கனடாக் காசில் மாடி எழுப்பிவிட்டார், மூன்று ஏக்கர் வயலோடு நிற்கும் உங்களை மனைவி வீட்டார் மதிப்பதில்லை, அதனால் காணி உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்து மாடியும், லீசிங் தவணையில் வான் வண்டியும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். தவணை மாதாமாதம் வரும், நெல் அப்படி வராது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் காலபோகம், அதாவது மாரி மழைக்கால விளைச்சல், ஓரளவு நிச்சயம். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் ஆளுக்கு எவ்வளவு ஏக்கர் என்று விவசாயிகள் கூட்டத்தில் பிரிப்பார்கள். உங்கள் பங்கு அரை ஏக்கரானால் வானுக்கு எதைக் கட்டுவீர்கள்?

நானும் லீசிங்கில் லாண்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், எடுத்தவன்தான். மூன்று தவணை பிந்தியது. சூடடிக்கிற களத்துக்கே வந்து, ஊர் பார்க்க ஏற்றிக்கொண்டு போனார்கள். இருக்கையில் நான் விரித்திருந்த சாக்கும் அதோடு போய்விட்டது. மதிப்புத் தேடிப் போய் வாங்கியது அது!

பரந்தன் பக்கம் ஒரு மாடி வீடு தெரியும். கீழே அம்மா தனியே, மேலே நெல்மூட்டை. சரி, அது அவர்கள் பாடு.

கையில் காசு இருந்தால் முதலில் வயற்கரைக் கிணற்றை ஆழமாக்குங்கள், சிறுபோகத்தில் பயறாவது போடலாம். அப்புறம், ஈடு பற்றி மனைவிக்குத் தெரியுமா? அதை நீங்கள் எழுதவில்லை.