ரீபிரீதர் பதிவேட்டில் சிலிண்டர் அழுத்தம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகச் சாதாரண சிலிண்டருடன் முக்குளித்துவந்த நான் அண்மையில் ரீபிரீதருக்கு (வெளிவிட்ட மூச்சைச் சுத்தம் செய்து மீண்டும் சுவாசிக்கவைக்கும் கருவி) மாறியிருக்கிறேன். சிலிண்டர்களில் அழுத்தத்தைத் தானாக அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இல்லாததால், நீரில் இறங்குவதற்கு முன்னும் ஏறிய பின்னும் மானியில் பார்க்கும் அழுத்தத்தை மட்டும் பதிவு மென்பொருளில் இடுகிறேன். சென்ற முறை 3 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் 190 பாரில் தொடங்கி 160 பாரில் முடிந்தது. 40 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடமும், பிறகு மேலேறும் வழியில் சராசரியாக 8 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடமும் இருந்தேன். அடியிலிருந்து புறப்பட்டபோது மானி 181 காட்டியதைக் கைப்பலகையில் குறித்துவைத்திருக்கிறேன். மென்பொருள் வரைந்த கோடோ அந்த நிமிடத்தில் 173 என்கிறது. எதை நம்புவது?

பதில்: மானியை நம்புங்கள். மென்பொருள் கணக்கில் பிழை செய்யவில்லை. உங்கள் சிலிண்டர் எப்படிக் காலியாகிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு சரியாகக் கணக்கிட்டிருக்கிறது.

சாதாரண சிலிண்டரில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே நுரையீரலுக்குள் வந்து, பிறகு குமிழிகளாக வெளியேறிவிடுகிறது. 40 மீட்டரில் அழுத்தம் 5 பார் என்பதால், கடல்மட்டத்தில் செலவாவதைப் போல ஐந்து மடங்கு வாயு அங்கே செலவாகும். ஆகவே தொடக்க அழுத்தமும் இறுதி அழுத்தமும் மட்டும் தெரிந்திருக்கும்போது, ஒவ்வொரு நிமிடத்தையும் அந்த நிமிடத்தின் சூழல் அழுத்தத்தால் பெருக்கி, மொத்தச் செலவை அந்த விகிதத்தில் பங்கிடுவது பதிவு மென்பொருள்களின் வழக்கம். உங்கள் முக்குளிப்பில் ஆழப்பகுதிக்கு 30 × 5 = 150, மேலேறும் பகுதிக்கு 60 × 1.8 = 108, ஆக மொத்தம் 258. செலவான 30 பாரில் 150/258 பங்கு ஏறத்தாழ 17 பார். 190-இலிருந்து அதைக் கழித்தால் 173. உங்கள் திரையில் தெரிந்த எண் இதுவே.

ரீபிரீதரில் நீங்கள் வெளிவிடும் மூச்சு வீணாவதில்லை. ஸ்க்ரப்பர் அதிலுள்ள கரியமில வாயுவை அகற்றுகிறது. உடல் எரித்த ஆக்சிஜன் மட்டுமே சிலிண்டரிலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. தசை எரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஆழத்தைப் பொறுத்ததன்று, உழைப்பைப் பொறுத்தது. அசையாமல் ஓய்ந்திருந்தால் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவு, இதமாக நீந்தினால் ஏறத்தாழ 1 லிட்டர், எதிர்நீரோட்டத்தில் போராடினால் 2 லிட்டருக்கும் மேல் (இவை கடல்மட்ட அளவில் சொல்லப்படும் லிட்டர்கள்). நீங்கள் 90 நிமிடத்தில் 30 × 3 = 90 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 1 லிட்டர் செலவிட்டிருக்கிறீர்கள். இதை நேரத்துக்கு நேராகப் பங்கிட்டால் 30-ஆவது நிமிடத்தில் 180 பார் வருகிறது. உங்கள் மானி காட்டியது 181.

அந்த ஒரு பார் வித்தியாசத்துக்கும் காரணம் சொல்லலாம். மேலேறும்போது அழுத்தம் குறைவதால், மூச்சு சுற்றிவரும் குழாய்களும் பைகளும் சேர்ந்த லூப்பிலுள்ள ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் விழுகிறது. அந்தப் பகுதி அழுத்தத்துக்கு முன்கூட்டியே குறித்த அளவான செட்பாயிண்டைக் காக்க, ஆக்சிஜனை உள்ளே விடும் சோலனாய்டு வால்வு கூடுதலாகத் திறக்கிறது. 1.3 பார் செட்பாயிண்டில் 40 மீட்டரில் லூப்பிலுள்ள ஆக்சிஜன் 26 விழுக்காடுதான். 6 மீட்டரில் அது 81 விழுக்காடாக இருக்க வேண்டும். மேலேறும்போது விரிந்து வெளியேறும் வாயுவோடு அந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியும் போய்விடுவதால், பயணத்தின் பிற்பகுதியில் செலவு சற்றே கூடுகிறது. ஆயினும் நேர்கோடே உண்மைக்கு மிக நெருங்கிய மதிப்பீடு.

செய்ய வேண்டியது எளிது. 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய சப்சர்ஃபேஸ் போன்ற மென்பொருளில் முக்குளிப்பின் வகையை மூடிய சுற்று (ரீபிரீதர்) என்றும், ஒவ்வொரு சிலிண்டரின் பயன்பாட்டையும் ஆக்சிஜன், டைல்யூயண்ட் (லூப்பில் ஆக்சிஜனை நீர்க்கச் செய்யும் வாயு), திறந்த சுற்று வாயு (சாதாரண சிலிண்டர்) என்றும் தனித்தனியே குறிக்க இடமுண்டு. அதைக் குறிக்காமல் விட்டால், அந்தச் சிறிய சிலிண்டர் எதற்கானது என்று மென்பொருளுக்குத் தெரிய வழியே இல்லை.

கேள்வி: அப்படியானால் டைல்யூயண்ட் சிலிண்டருக்கும் நேர்கோடு வரைந்துவிடலாமா?

பதில்: கூடாது. டைல்யூயண்ட் படிக்கட்டைப் போல இறங்கும். கீழே இறங்கும்போது மூச்சுப்பைகள் நீரழுத்தத்தில் சுருங்குகின்றன. அவற்றை மீண்டும் நிரப்பவே டைல்யூயண்ட் உள்ளே வருகிறது. நுரையீரலையும் சேர்த்து லூப்பின் கொள்ளளவு 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 மீட்டருக்கு இறங்க 4 × 6 = 24 லிட்டர் தேவை; 3 லிட்டர் சிலிண்டரில் இது 8 பார். அடியில் ஒரே ஆழத்தில் நிற்கும் வரை கோடு ஏறத்தாழக் கிடையாகவே போகும். மேலேறும்போதும் அப்படியே.

ஆனால் மேடுபள்ளமான தரையில் 10 மீட்டர் ஏறி, மறுபடி 10 மீட்டர் இறங்கினால், ஏறும்போது வெளியேறிய வாயுவை இறங்கும்போது மீண்டும் ஈடுசெய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் 6 லிட்டர், அதாவது 2 பார். எனவே இரண்டு எண்கள் மட்டும் கையில் இருந்தால், மொத்தச் செலவையும் ஆழம் கூடிய நொடிகளுக்கு மட்டும் பங்கிட்டுக் கொடுப்பதே என் கருத்தில் நேர்மையான மதிப்பீடு. மிதவைப் பையையோ டிரை சூட்டையோ இதே சிலிண்டரிலிருந்து நிரப்புபவர்களுக்கும் இது ஓரளவு பொருந்தும், ஏனெனில் அவையும் இறங்கும்போதுதான் வாயு கேட்கும். முகமூடியிலிருந்து நீரை வெளியேற்றியது, ஆக்சிஜன் சென்சாரைச் சோதிக்க லூப்பை டைல்யூயண்டால் அலசியது ஆகியவற்றை எந்தக் கணக்கும் ஊகிக்காது. அவற்றை நீங்களே நிகழ்வுகளாகக் குறிக்க வேண்டும்.

கேள்வி: வாயுவில் ஒரு பகுதியைத் தொடர்ந்து வெளியே விடும் பாதி மூடிய சுற்றுக் கருவிக்கு எந்த முறை?

பதில்: கருவியின் வகையைப் பொறுத்தது. நிலையான துளை வழியே மாறாத அளவில் வாயு விடும் கருவியானால் நேர்கோடு. வெளிவிடும் மூச்சில் எட்டில் ஒன்று அல்லது பத்தில் ஒன்று போன்ற ஒரு பங்கை வெளியேற்றிவிட்டு அதை ஈடுசெய்யும் கருவியானால், சாதாரண சிலிண்டருக்குரிய ஆழக் கணக்கு. செலவு மட்டும் பல மடங்கு குறைவு.

கேள்வி: என் ஆக்சிஜன் சிலிண்டரில் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. அது காட்டிய அழுத்தம் முதல் 15 நிமிடத்தில் 200-இலிருந்து 185-ஆக விழுந்தது. அதன் பிறகு மிக மெதுவாகவே குறைந்தது. கசிவா?

பதில்: நீங்கள் சொல்லும் வடிவம் பெரும்பாலும் வெப்பநிலையின் வேலை. 30 டிகிரி செல்சியஸில் 200 பார் காட்டும் சிலிண்டர் 14 டிகிரி நீரில் குளிர்ந்தால், ஒரு மூச்சுகூட எடுக்காமலே ஏறத்தாழ 189 பாருக்கு வந்துவிடும். மீதி 4 பார் என்பது 12 லிட்டர்; 15 நிமிடத்துக்கு அது இயல்பான செலவே. பெரிய சிலிண்டரில் 150 பார் செலவிடுபவர் 11 பார் வித்தியாசத்தைக் கண்டுகொள்ளமாட்டார். முழு முக்குளிப்புக்கே 30 பார் செலவிடும் நமக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! கையால் எண்களை இடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நிரப்பிய வெப்பம் தணியும் முன்பே குறித்த தொடக்க அழுத்தம், நீங்கள் எரிக்காத ஆக்சிஜனையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடும். நான் சிலிண்டரைச் சற்று நேரம் நீரில் கிடத்திவிட்டு, அதன் பிறகே தொடக்க அழுத்தத்தை எழுதுகிறேன்.

இந்த விளக்கம் கரைக்கு வந்த பின் வரைபடத்தைப் படிப்பதற்கு மட்டுமே. நீரில் இருக்கும்போது அழுத்தம் எதிர்பாராமல் விழுந்தால் அதைக் கசிவு என்றே கொண்டு, பயிற்சியில் கற்றபடி முக்குளிப்பை முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடுவில் ஒரு முறை பெய்ல்அவுட் சிலிண்டருக்கு (ரீபிரீதர் கைவிட்டால் சுவாசிக்க எடுத்துச்செல்லும் சாதாரண சிலிண்டர்) மாறி, 4 நிமிடம் கழித்து லூப்புக்குத் திரும்பினேன். வரைபடத்தில் அந்தச் சிலிண்டர் முதல் நிமிடத்திலிருந்தே காலியாகிக்கொண்டு வருகிறதே?

பதில்: மாறிய நேரமும் திரும்பிய நேரமும் பதிவில் இல்லாததால், மென்பொருள் அந்தச் செலவை முழு நேரத்துக்கும் பரப்பிவிட்டது. இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துவிடுங்கள். அந்த 4 நிமிடத்துக்கு மட்டும் பழைய ஆழக் கணக்கு திரும்பிவரும். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாக வைத்துக்கொண்டால், 40 மீட்டரில் நிமிடத்துக்கு 20 × 5 = 100 லிட்டர், ஆக 400 லிட்டர்; 7 லிட்டர் சிலிண்டரில் 57 பார். கோடு அந்த இடத்தில் செங்குத்தாக விழுந்து, இருபுறமும் கிடையாக இருந்தால் பதிவு சரி. பதற்றத்தில் மூச்சு வாங்கியிருந்தால் உண்மையான வீழ்ச்சி 57 பாரைவிடக் கூடுதலாகவே இருக்கும். மானியில் படித்த இறுதி அழுத்தத்தை அப்படியே இட்டால், அந்த 4 நிமிடத்தில் நீங்கள் உண்மையில் எவ்வளவு சுவாசித்தீர்கள் என்பது கிடைக்கும். அடுத்த பெய்ல்அவுட் திட்டத்துக்கு அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.