குழிக்குள் இறங்கிய குண்டு

அன்புள்ள ஐயா,

பசிபிக்கில் டினியன் தீவிலுள்ள பழைய ராணுவ விமானதளத்தின் படமொன்றில் கண்ணாடி மூடிய பள்ளத்தைப் பார்த்தேன். ஹிரோஷிமா அணுகுண்டை அதிலிருந்துதான் ஏற்றினார்களாம். நேராகத் தூக்கி மாட்டியிருக்கலாமே, குழி எதற்கு? அவ்வளவு பெரிய தளத்தை ஏன் காடாக விட்டுவிட்டார்கள்?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

லாரி ஷெட்டில் பார்த்திருப்பீர்கள். வண்டி மேலே நிற்கும், மெக்கானிக் குழிக்குள் இறங்குவார். டினியனில் மெக்கானிக்குக்குப் பதில் குண்டு இறங்கியது. குண்டு ஏற்ற வந்த அமெரிக்க பி-29 விமானத்தின் வயிறு தாழ்வானது. சாதாரணக் குண்டுகளை அடியில் தள்ளிக்கொண்டுபோய் ஏற்றிவிடலாம். ஹிரோஷிமா குண்டான ‘லிட்டில் பாய்’ சுமார் 4,400 கிலோ. நாகசாகிக்குப் போன ‘ஃபேட் மேன்’ இன்னும் கனம், குறுக்களவே ஒன்றரை மீட்டர். தள்ளுவண்டியோடு அடியில் நுழையாது.

அதனால் நீங்கள் படத்தில் பார்த்த தளமான நார்த் ஃபீல்டில் இரண்டு குழிகள் வெட்டினார்கள். குண்டை வண்டியோடு குழியின் மேல் நிறுத்தி, 90 டிகிரி திருப்பி, ஹைட்ராலிக் தூக்கியால் உள்ளே இறக்குவார்கள். பிறகு விமானத்தைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து குழிமேல் நிறுத்தி, குண்டை மேலே ஏற்றுவார்கள். அத்தனை எடையும் தொங்கியது ஒற்றைக் கொக்கியில். அதுவும் பிரிட்டனின் லங்காஸ்டர் விமானத்துக்கென்று செய்த கொக்கி. விமானம் கொஞ்சம் தள்ளி நின்றாலும் மாட்டாது, மறுபடி நகர்த்த வேண்டியதுதான்.

பலரும் குழியைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு ஓடுதளங்கள்தான் முக்கியம். 1944 ஜூலை 24 அன்று அமெரிக்கப் படை தீவில் இறங்கியது. அங்கிருந்த ஜப்பானியத் தளத்தை விரித்து, 1945 மே மாதத்துக்குள் 8,500 அடி நீளத்தில் நான்கு ஓடுதளங்களைப் பக்கம்பக்கமாகப் போட்டுவிட்டார்கள். ஜல்லி அந்தத் தீவின் பவளப்பாறையே. உடைத்து, உருளை ஓட்டி, மேலே தார்.

அந்த நீளமும் போதுமென்று சொல்ல முடியாது. பி-29 எஞ்சின் சூடேறித் தீப்பிடிப்பதில் பேர்போனது. உறையில் மக்னீசியம் வேறு. பற்றினால் அணைக்க முடியாது. புறப்படும்போதே விமானங்கள் விழுந்து எரிந்ததைக் கண்ட கடற்படை கேப்டன் வில்லியம் பார்சன்ஸ், விமானம் தரையில் நிற்கும்போது ‘லிட்டில் பாய்’க்குள் வெடிமருந்துப் பைகளை வைக்க விடவில்லை. அது துப்பாக்கி வகைக் குண்டு. தீயில் மருந்து பற்றினால் யுரேனியத் துண்டுகள் இரண்டும் மோதி, அணுகுண்டு தீவிலேயே வெடித்துவிடலாம். ஆகஸ்ட் 6 அதிகாலை 2:45க்கு விமானம் கிளம்பியபின், வானில்தான் பைகளை உள்ளே வைத்தார். ‘ஃபேட் மேன்’ அமைப்பில் அந்த வசதி கிடையாது. அதை முழுதாகக் கோத்தே கொண்டுபோனார்கள்.

கைவிட்டதற்குப் பெரிய மர்மமில்லை. ஜப்பான் அங்கிருந்து சுமார் 2,400 கி.மீ.; பி-29 போய்த் திரும்பக்கூடிய தூரம். தளத்துக்கு இருந்த வேலையே அதுதான். போர் முடிந்தது, 1947க்குள் காலி செய்துவிட்டார்கள்.

தளத்தை மூடிய காடு நமக்குப் பழக்கமானது. அங்கே டங்கன்டங்கன் என்பார்கள். நம் ஊரில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் சூபாபுல்தான். தார் வெடித்த இடமெல்லாம் வேர்விட்டிருக்கிறது. 2023 இறுதியில் அமெரிக்க விமானப்படை தளத்தை மீட்கப்போவதாக அறிவித்து, வெட்டத் தொடங்கியது. வெட்ட வெட்ட அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கிற மரம் அது. வேரோடு பிடுங்காமல் ஓடுதளம் கிடைக்காது.