நுங்கு வண்டியும் பூவரச இலைப் பீப்பியும்

சிறுவயதில் நீங்களே செய்து விளையாடிய பொருள்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். உடன்குடிப் பக்கம் பனங்காட்டு ஊரில் வளர்ந்த எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது நுங்கு வண்டிதான்.

சித்திரை, வைகாசியில் நுங்கு வெட்டும்போது பெரியவர்கள் சுளையின் இளசைப் பார்ப்பார்கள். நாங்களோ ஒரே அளவில், கோணல் இல்லாமல் உருண்டையாக இருக்கும் இரண்டு காய்களைத் தேடுவோம். தலையை மட்டும் சீவிய காயில் பெருவிரலை விட்டு மூன்று கண்களையும் தோண்டித் தின்றபின், ஒரு சாண் நீளமுள்ள உறுதியான குச்சியின் இரு முனைகளையும் இரண்டு காய்களின் நடுவில் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயத்தம். முனையில் கவை உள்ள நீண்ட கம்பை அந்த அச்சின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். தலைவனை ஆண் குழந்தையாகப் பாவித்துப் பாடும் ஆண்பால் பிள்ளைத்தமிழ் நூல்களில், சிறுதேர் உருட்டுவதற்கென்றே ஒரு பருவம் உண்டு. எங்கள் ஊரில் அந்தத் தேரைப் பனைமரமே கொடுத்தது, பெண்பிள்ளைகளும் சேர்ந்தே உருட்டினோம்.

அதே வண்டி காலையில் திருச்செந்தூர் செல்லும் பேருந்து, மாலையில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிய லாரி. உதிர்ந்த இலைகள் பயணச்சீட்டு. ஒலிப்பானுக்குப் பூவரசு இருந்தது. கொழுந்தாகவும் இல்லாமல் முற்றியும் போகாமல் இருக்கும் இலையைப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டுச் சுருட்டி, ஒரு முனையை மட்டும் பல்லால் மெல்ல அழுத்தித் தட்டையாக்கி ஊதினால் பீப்பி ஒலிக்கும். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி போலவே, தட்டையான அந்த வாய் மூச்சில் அதிர்வதால் எழும் ஒலி அது. மேலும் சில இலைகளைச் சுற்றி நீளமாக்கினால் குரல் தடிக்கும்.

ஆடிக் காற்றில் பனையோலைக் காற்றாடி. ஓலையை முள்ளால் துளைத்துச் சோளத்தட்டையில் குத்துவோம். முள்ளைவிடத் துளை சற்றுப் பெரிதாக இருந்தால்தான் அது சுழலும்.

உங்கள் பிள்ளைக்கு நுங்கு வண்டி வேண்டுமென்றால், விற்பவரிடம் காயைப் பிளக்காமல் தலையை மட்டும் சீவித் தரும்படி முன்பே சொல்லிவிடுங்கள். சில நாட்களில் காய் வற்றி அச்சு ஆட்டம் காணும் என்பதால் வாங்கிய அன்றே செய்துவிடுவது நல்லது. குச்சியைச் செருகும் வேலையை மட்டும் தயவுசெய்து பிள்ளையிடமே விடுங்கள். வண்டி ஏன் ஒருபக்கமாக இழுக்கிறது என்று பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்ப்பதுதான் அந்த விளையாட்டில் பாதி.