கட்டட வேலைக்கு ஹைலக்ஸ் கட்டுப்படியாகுமா?

கேள்வி: கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். சிமென்ட், பைப், பிளைவுட் எல்லாம் சைட்டுக்குப் போக வேண்டும். கூடவே நாலு ஆட்களும் வருவார்கள். டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பெரிய பிக்கப் வாங்கினால் இரண்டுக்கும் ஆகுமா?

பதில்: ஆட்களுக்கு ஆகும், சரக்குக்கு ஆகாது. ஹைலக்ஸ் தாங்கும் சுமை சுமார் 470 கிலோ. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்பது ஏற்றினால் முடிந்தது. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பின் 1.7 டன் மாடலில் 34 மூட்டை ஏறும். ஒரு ஹைலக்ஸ் விலைக்கு அதில் இரண்டு வாங்கலாம். ஹைலக்ஸில் உங்கள் காசு 2.8 லிட்டர் இன்ஜினுக்கும் நாலு சக்கர இழுவைக்கும் கேபினுக்கும்தான் போகிறது.

எடையைவிட, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் அளவுதான் தினமும் தொல்லை தரும். நீளம் ஏறக்குறைய 5 அடி. 8 அடிக்கு 4 அடி பிளைவுட், பின்கதவைத் திறந்துவிட்டாலும் வெளியே நீட்டும். சக்கர மேடுகளுக்கு நடுவே 4 அடி இடமில்லாததால் தரையில் படியவும் படியாது. பக்கச் சுவர் மடங்காது. மூட்டையைப் பின்பக்கமாக மட்டுமே இறக்க முடியும். பொலிரோவில் 9 அடித் தொட்டி, மூன்று பக்கமும் திறக்கும். 20 அடி பைப்புக்கு இரண்டுமே சரிவராது. கம்பி, பைப் வெளியே நீட்டிக்கொண்டு போவதற்கு 2014-லேயே தடை வந்துவிட்டது. கடைக்காரரையே லாரியில் இறக்கச் சொல்லுங்கள்.

ஆட்களைத் தொட்டியில் ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் நிச்சயம். உங்கள் தேவைக்குப் பொலிரோ கேம்பர் பொருந்தும்: டபுள் கேபின், பின்னால் 1 டன். எந்த வண்டியானாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள், ஏறும் ஆட்களின் எடையையும் கழியுங்கள். மிஞ்சுவதே சரக்குக்கு.

ஹைலக்ஸுக்கும் இடம் உண்டு. வால்பாறை, நீலகிரி எஸ்டேட் பாதைகளில் மழைக்காலத்திலும் கருவிப்பெட்டியோடு போய்வர வேண்டிய சர்வீஸ் வேலைக்கு அது நல்ல வண்டி. ஆனால் வெள்ளை போர்டில் (சொந்த உபயோகத்துக்கு) பதிந்துவிட்டு, அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றக் கூடாது.

கேள்வி: பொலிரோ மாதிரி மஞ்சள் போர்டு வண்டி என்றால் பெர்மிட், பேட்ஜ் (லைசென்ஸில் தனி அனுமதி), எஃப்.சி. (தகுதிச் சான்று) என்று அலைய வேண்டாமா?

பதில்: கொஞ்சம் அலைச்சல்தான். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, 1.7 டன் பொலிரோ அதைத் தாண்டிவிடும், எடுத்தாக வேண்டும். பேட்ஜ், லைசென்ஸில் சிக்கல் இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை ஓட்டச் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. எஃப்.சி. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.