விடியப்புறப் பஸ்ஸும் 1978-ஆம் ஆண்டு வாக்குறுதியும்

வணக்கம் அண்ணா,

2030-க்குள் உலகத்தில் எல்லோருக்கும் சுகாதாரம் என்ற ஐ.நா. இலக்கைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் இலங்கையின் வடக்கே, வன்னியில் நெடுங்கேணிப் பக்கம். அம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும். கிளினிக் நாளில் விடியப்புறம் நாலரைக்கு வெளிக்கிட வேண்டும். பஸ்ஸை விட்டால் அந்த மாத மருந்து இல்லை. ஜெனீவாவில் போடுகிற திட்டத்தால் எங்களுக்கு என்ன வரப்போகிறது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பஸ் ஏற்கெனவே ஓர் உலகத் திட்டத்தில் இருக்கிறது. 1978 செப்டெம்பரில், அன்றைய சோவியத் நாட்டின் அல்மா-அட்டாவில் உலக நாடுகள் கூடி, 2000-ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் சுகாதாரம் என்று அறிவித்தன. சனங்கள் வாழ்கிற, வேலை செய்கிற இடத்துக்கு இயன்றளவு கிட்ட வைத்தியம் போக வேண்டும் என்று அந்தப் பிரகடனத்திலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் கேட்பதும் அதைத்தான்.

ஆனால் அடுத்த வருடமே, எல்லாவற்றையும் செய்யக் காசில்லை, குறைந்த செலவில் கூடுதல் உயிரைக் காக்கிற சிலவற்றை மட்டும் செய்வோம் என்ற வாதம் எழுந்தது. பணம் கொடுப்பவர்களுக்கு அது பிடித்துப்போனது. ஒரு நோய், ஒரு இலக்கு, ஒரு கணக்கு. அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் அந்த வழிதான்.

அந்த வழியால் வன்னிக்குப் பலன் வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சின்ன வயதில் மலேரியாக் காய்ச்சலில் மூன்று போர்வைக்குள்ளும் நடுங்கிக் கிடந்திருக்கிறேன். விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துப் போவார்கள். குளோரோகுயின் கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. 1999-இல் இலங்கையில் 2,64,000-க்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர்கள். அதில் எங்கள் பக்கத்துப் பங்கு பெரிது. யுத்தம் நடந்த வருடங்களிலும் இரத்தப் பரிசோதனையும், மருந்து தோய்த்த நுளம்பு வலையும் இங்கே வந்து சேர்ந்தன. அதில் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராகப் பணம் கொடுக்கிற உலக நிதியத்தின் காசும் இருந்தது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய ஒருவரும் இல்லை என்ற நிலை வந்தது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. எங்களைத் தேடி வீட்டுக்கு வந்த திட்டம் அது.

அதே 2016-இன் கடைசியில் மன்னாரில் ஒரு புதிய நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி, இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்புகிற இனம். வீட்டுக் கிணற்றிலேயே குஞ்சு பொரிக்கும். கிணறு கிணறாகப் பார்க்க ஆள் வேண்டும். இலக்கை எட்டிவிட்டோம் என்று ஆளைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் நாட்டுக்குத் தெரியும். 1963-இல் முழுத் தீவிலும் 17 நோயாளர்கள்தான். நுளம்பு மருந்துத் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969-இல் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

இப்போது அம்மாவுக்கு வருவோம். பிரஷரையும் சீனியையும் ஒழித்துவிட்டோம் என்று சான்றிதழ் வாங்க முடியாது. மாதாமாதம் குளிசை, ஆயுள் முழுக்க. அதற்கு வேண்டியது நடந்துபோகக்கூடிய தூரத்தில் ஒரு ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகு, அதில் மருந்து, அதைக் கொடுக்க ஆள். இதற்குக் காசு தேடுவதுதான் கடினம். நாட்டின் சராசரி நன்றாக இருப்பதால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நெடுங்கேணி தெரிவதும் இல்லை. நியாயமான திட்டம் என்றால் இந்த இடத்தில்தான் அது தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்காக உலகத் திட்டமே வேண்டாம் என்று கைவிட்டுவிடாதீர்கள். எங்கள் அரசாங்கமும் ஏற்றுக்கொண்ட வாக்குறுதி அது, கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஒரு வேலை செய்வீர்களா? அந்த விடியப்புறப் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊர், எத்தனை பேர் அந்த மாதம் வராமல் விட்டார்கள் என்று மூன்று மாதம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் ஒரு பிரதி கொடுங்கள், எனக்கு ஒன்று அனுப்புங்கள். கடிதம் எழுத நானும் கூட இருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணா