நகையை அடகு வைத்து சிந்தசைசர் வாங்காதீர்கள்

கோவில்பட்டியிலிருந்து வந்த அந்தத் தாய், நாற்காலியில் உட்காருமுன்பே கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு சிந்தசைசர். "நகையை வைத்தாவது வாங்கிவிடலாம் சார். அரேஞ்சர் கீபோர்டில் சொந்தப் பாட்டு போட்டால் யாரும் மதிக்க மாட்டார்களாம். என் தம்பி மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவன், அவனுக்குத் தெரியாதா?" பிளஸ் ஒன் படிக்கும் மகள் நிமிரவே இல்லை.

கவலைப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். நகை என்றதும் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அம்மா, அடகுக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

தம்பி சொன்னதில் பாதி நியாயம்தான். அரேஞ்சரில் இடது கை ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்களைப் பிடித்தால் தாளம், பேஸ், கிட்டார் எல்லாம் தாமாக வந்து சேர்ந்துகொள்ளும். கல்யாண வரவேற்பில் தனியாளாகச் சமாளிக்க அதற்கு நிகரில்லை. ஆனால் 'ஸ்டைல்' எனப்படும் அந்தத் தயார் பின்னணியை வாசித்து வைத்தவர் வேறு யாரோ. புது மெட்டும் அவர் போட்ட தடத்திலேயே ஓடும். சிந்தசைசரில் ஒலியையே பிசைந்து உருவாக்கலாம். உருவாக்குகிறவர்கள்தான் குறைவு. 1983-இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்த நாளிலிருந்து, வாங்கியவர்களில் பெரும்பாலோர் கம்பெனி போட்டுக் கொடுத்த ஒலிகளோடு திருப்தி அடைந்துவிட்டார்கள்.

"வீட்டில் என்ன வாசிப்பாய்?" என்று மகளைக் கேட்டேன். "ஸ்டைலை நிறுத்திவிடுவேன் சார். சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலை உருட்டி கமகம் வருகிறதா என்று பார்ப்பேன்." மேடை அவள் ஆசையில்லை, ஒலிதான். மாமா தன் தொழிலுக்கு அளவெடுத்த சட்டையை இவளுக்கு மாட்டப் பார்க்கிறார்.

அவளிடம் இருக்கும் ஐந்து வருடப் பழைய யமஹா பி.எஸ்.ஆர். அரேஞ்சர் கீபோர்டின் முதுகில் சதுரமாக ஒரு யு.எஸ்.பி. துளை உண்டு. பிரிண்டர் வயரே அதற்குப் பொருந்தும். மறுமுனையை அப்பாவின் லேப்டாப்பில் செருகுங்கள். ஃபங்ஷன் மெனுவில் 'லோக்கல்' என்பதை அணைத்தால் கீபோர்டு மௌனமாகிவிடும். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், வீல் எங்கே என்ற தகவல் மட்டும் மிடியாக, அதாவது மின்னணு இசைக்கருவிகளின் குறியீட்டு மொழியில், கணினிக்குப் போகும். அங்கே ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். ஒலிக்கு சர்ஜ் எக்ஸ்.டி. இருக்கிறது, மென்பொருளாகவே ஒரு முழுச் சிந்தசைசர், காசே கிடையாது. கட்டையை அழுத்தியபின் ஒலி தாமதமாக வந்தால் பஃபரை, அதாவது கணினி ஒரே தவணையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 256-க்கு, முடிந்தால் 128-க்குக் குறைக்க வேண்டும். வீல் சுருதியை எவ்வளவு தூரம் வளைக்கும் என்ற பெண்ட் ரேஞ்ச் பெரும்பாலும் இரண்டு செமிடோனில் நிற்கும் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்). தோடியில் சுத்த ரிஷபத்தை அழுத்திக்கொண்டே மத்தியமம் வரை ஏற்ற நான்கு வேண்டும். அதை சர்ஜிலேயே மாற்றிக்கொள்ளலாம். மிச்சப் பணத்தில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கடன் வாங்கிச் சேரும் தனியார் சவுண்ட் டிப்ளமோவும் வேண்டாம். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசுத் திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஏனோ நம் வீடுகளில் அதை யாரும் பேசுவதில்லை. எதற்கும் இயற்பியலை மட்டும் அவள் விட்டுவிடக் கூடாது.

ஒரு வருடம் கழித்து, ஸ்டைல் இல்லாமல் அவள் முடித்த மூன்று பாட்டுகளோடு வாருங்கள். சிந்தசைசர் தேவையா என்று அவளிடமே கேட்போம். தேவை என்றால், அப்போதும் பழையதாகத்தான் தேடுவோம்.